மேற்குச் சுவர்

மாங்கேணி
14.9.1937

மிஸ் பீற்றிஸ் அவர்களுக்கு,

நான் சிறில். சென்ற மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குருக்கள்மடத்திலிருந்து உங்களைப் பெண்பார்க்க வந்தவன். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கடிதம் எழுதுவது வழக்கமில்லை என்று தெரியும். உங்கள் லூர்து மாமாவுக்கு எழுதியதற்குப் பதில் இல்லை. அவர் கோபமாக இருக்கிறார் என்று மட்டும் கேள்வி. எதற்குக் கோபம்? நான் எழுதியதில் ஒரு வரி பொய்யில்லை.

அந்த வீடு உங்களுக்குச் சீதனமாக எழுதப்படப்போகிறது. கலியாணம் முடிந்தால் நானும் அங்கேதான் குடியிருக்கப் போகிறேன். கொழும்பில் மூன்று வருஷம் கட்டட வேலை படித்துவிட்டு இப்போது றோட்டு இலாகாவில் பாலம் கட்டுவிக்கும் ஓவசியராக இருக்கிறேன். எந்த வீட்டுக்குள் போனாலும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். எல்லோரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் அக்கா இன்னும் ஏசுகிறாள். உங்களையும் பார்த்தேன்.

மாமாவுக்கு எழுதியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முகட்டு வளை மரத்தில் கறையான். விறாந்தைத் தூண்கள் ஒரே நேரில் இல்லை. இவை அவசரமில்லை. அவசரம் மேற்குச் சுவர். யன்னல் மூலையிலிருந்து கூரை வரை வெடிப்பு ஓடுகிறது, என் பேனாக்கத்தி முழுவதும் உள்ளே போயிற்று. அந்தச் சுவரோடு ஒட்டி ஒரு கட்டில் கிடக்கிறது. யாருடையது?

சுருக்கமாகப் பதில் போட்டால் போதும்.

சி. சிறில்

*

புளியந்தீவு
19.9.1937

ஓவசியர் அவர்களுக்கு,

சுருக்கமாக முடியாது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளைச் சுருக்கி எழுதச் சொல்கிறவள் நான். வீட்டிலும் என்னால் அது இயலாது.

மாமா உங்கள் கடிதத்தை மண்டபத்தின் நடுவில் நின்று உரத்து வாசித்தார். கறையான் வந்த இடத்தில் நிறுத்தினார். "பாரு கா புள்ள, வீடு பழசாம். புதுசு வேணுமெண்டு நேரா கேக்க வாயில்ல. எஞ்சினியர் பாஷையில கேக்கிறான்!" என்றார். அம்மா எழும்பிக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டா.

நம் பக்கத்தில் சீதன வீட்டைப் பற்றி மாப்பிள்ளை ஒரு குறை சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான், சீதனம் போதாது என்பது. குருக்கள்மடத்தில் பிறந்த உங்களுக்கு இது தெரியாது என்று நான் நம்ப வேண்டுமா? பலகாரம் பரிமாறும் நேரத்தில் நீங்கள் கதிரையில் ஏறி நின்று வளையைக் குத்தினீர்கள். மாமியின் பாயாசத்தில் தூள் விழுந்தது. பிறகு கேளாமல் அம்மாவின் அறைக்குள் போனீர்கள். ஆம், அந்தக் கட்டில் அம்மாவுடையது.

இந்த வீடு தாயிடமிருந்து மகளுக்கு வருவது. என் பூட்டி சீதேவிப்பிள்ளைக்கு அவவின் தகப்பன் எழுதிக் கொடுத்தது. பிறகு அம்மம்மா, பிறகு அம்மா, இனி நான். குடிவந்த ஆண்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைச் சேர்த்தார்கள். பூட்டியின் புருஷன் யன்னல் வைத்தார். அம்மப்பா விறாந்தையும் தூணும் கட்டினார். என் அப்பா குசினி கட்டினார். வருவதற்கு முன்பே எதை இடிக்கலாம் என்று எழுதி அனுப்பியவர் நீங்கள் ஒருவர்தான்.

பீற்றிஸ்

*

மாங்கேணி
26.9.1937

மிஸ் பீற்றிஸ் அவர்களுக்கு,

புதுவீடு வேண்டும் என்று நான் எழுதிய வரியைக் காட்டுங்கள். இல்லை. எழுதாததை வாசித்துவிட்டு என்னோடு கோபித்தால் நான் என்ன செய்ய?

பாயாசத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். கதிரையில் ஏறியதற்குக் கேட்க மாட்டேன்.

உங்கள் பூட்டிக்கு முன்னால் அந்த வீடு யாருடையது? குடியிருக்கக் கட்டிய வீடு அல்ல அது. சுவர் அடியில் மூன்று முழ அகலம், மேலே போகப் போக ஒடுங்குகிறது. உள்ளே நிலம் வெளியிலிருந்து இடுப்பளவு உயரம். பழைய வாசல் ஒன்றுதான், அதுவும் வண்டி பின்பக்கமாக வந்து நிற்கிற அகலம். யாரோ நெல் சேர்த்து வைக்கக் கட்டிய களஞ்சியம். நெல்லின் பாரம் சுவரை வெளியே தள்ளும், அதனால்தான் அடி அகலம். கட்டியவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது.

பிறகு வந்தவருக்குத் தெரியவில்லை. மேற்குச் சுவரை வெட்டி யன்னல் வைத்திருக்கிறார். யன்னலுக்கு மேலே வளைவு கட்டாமல் இரண்டு பனம்பலகையைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். ஏன் வெட்டினார்? களஞ்சியத்துக்கு எதற்கு யன்னல்?

ஒரு வேலை செய்யுங்கள். வெடிப்பின் குறுக்கே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கூழ் பூசி இறுக்கமாக ஒட்டுங்கள். சுவர் அசையாமல் நின்றால் காகிதம் அப்படியே இருக்கும். அசைந்தால் கிழியும். அதற்குச் சீதனம் தெரியாது, சொந்தக்காரரும் தெரியாது.

சிறில்

*

புளியந்தீவு
4.10.1937

ஓவசியர் அவர்களுக்கு,

களஞ்சியம் என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. ஒரு பறங்கி வியாபாரி வாவிக்கு அக்கரைப் படுவான்கரை நெல்லைத் தோணியில் இறக்கி வைக்கக் கட்டினானாம். அவன் நொடித்தபோது பூட்டியின் தகப்பன் வாங்கினார். பூட்டி பழுகாமத்தில் பிறந்து வளர்ந்தவ. கலியாணமாகி வந்த முதல் வருஷம், இருட்டுப் பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள் என்று சாப்பிடாமல் கிடந்தாவாம். வயல் வட்டையில் கதிர்வெட்டு முடிந்து அவவின் அண்ணன்மார் நெல் கொண்டு வாவியால் வருவார்கள். அந்தத் தோணிகளைப் படுக்கையில் இருந்தே காண வேண்டும் என்று கேட்டா. புருஷன் சுவரை வெட்டினார். வளைவு கட்டத் தெரியாத மனிதர்தான். கேட்டதும் வெட்டினார்.

இனி உண்மைக்கு வருவோம். உங்களுக்குப் பிடித்தது அதுதானே. நேற்று உங்கள் ஜெயராஜாப் பெரியப்பா வந்தார். கையில் உங்கள் கையெழுத்தில் ஒரு நகல், மாமாவுக்கு எழுதிய அதே கடிதம். பழுகாமம் வட்டையில் அம்மாவுக்கு இருக்கும் வயலையும் சேர்த்து எழுதினால்தான் கலியாணம் என்றார்.

"படிச்ச பொடியன் வீடு ஆகாதெண்டு எழுதியிருக்கான். நாளைக்கு இடிஞ்சா அவன் எங்க படுக்கிற?"

"பாலத்துக்குக் கீழ படுக்கச் சொல்லுங்க. அவர்தானே கட்டுறவர்" என்றார் மாமா.

அந்த வயல்தான் அம்மாவின் சோறு. நான் புருஷனோடு வாழ்வதற்கு அம்மா மற்றவர் கையைப் பார்க்க வேண்டியதில்லை. கலியாணப் பேச்சு முறிந்தது என்று மாமா சொல்லிவிட்டார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நகல் எடுத்துக் கொடுத்தது நீங்களா?

பீற்றிஸ்

*

மாங்கேணி
9.10.1937

மிஸ் பீற்றிஸ் அவர்களுக்கு,

நகல் எடுத்தது நான். கொடுத்தது நானல்ல. எழுதுவதற்கெல்லாம் நகல் வைப்பது வேலைப் பழக்கம். ஊர் வீட்டில் மேசையில் கிடந்தது. பெரியப்பா எடுத்துக்கொண்டு போனது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது.

அன்றே லீவு எழுதிவிட்டு வாழைச்சேனையில் ரயில் ஏறி ஊருக்குப் போனேன். சத்தம் போட்டேன். "உனக்காகத்தானே கேட்டம், மனே" என்கிறார்கள். வயல் எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் எனக்கு அங்கே செய்யத் தெரியவில்லை. மனிதர் வேலை எனக்குப் படிப்பிக்கவில்லை.

கலியாணம் வேண்டாம் என்றால் வேண்டாம். அது ஒரு விஷயம். சுவர் வேறு விஷயம். ஐப்பசி மழை தொடங்கப்போகிறது. உங்கள் அம்மாவின் கட்டிலை அந்தச் சுவரோரத்திலிருந்து எடுங்கள். என்னோடு கோபமென்றால் என் கடிதத்தைக் கிழித்துப்போட்டு விட்டாவது எடுங்கள்.

காகிதம் ஒட்டினீர்களா?

சிறில்

*

புளியந்தீவு
25.10.1937

சிறில் அவர்களுக்கு,

பதில் எழுதுவதில்லை என்று இருந்தேன். ஒட்டினேன். பிள்ளைகளின் பழைய சோதனைத் தாளை நீளமாக வெட்டி ஒட்டினேன். மழை இல்லாத வரைக்கும் அப்படியே இருந்தது. உங்களைப் பொய்யர் என்று நினைக்கச் சற்று ஆசையாகவும் இருந்தது. மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. தாள் நடுவில் கிழிந்துவிட்டது.

மாமாவிடம் காட்டினேன். நான் உங்களுக்காகக் கிழித்தேன் என்றார்! "அந்தப் பொடியனில உனக்கு மனசு இரிக்கு. எனக்குத் தெரியாதா?" என்று ஏசிவிட்டுத் தன் கையால் புதுத் தாள் ஒட்டி, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மா மண்டபத்தில் படுத்தா. மறுநாள் மாமா தானே கதவைத் திறந்து போய்ப் பார்த்தார். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்து, "கூழ் சரியில்ல" என்றார். சாவியை மட்டும் திரும்பத் தரவில்லை.

ஆனால் அம்மா இன்று மாமாவோடு சண்டை பிடித்துச் சாவியை வாங்கி மறுகாவும் அந்தக் கட்டிலிலேயே படுத்துவிட்டா. நான் கெஞ்சிப் பார்த்தேன். "எனக்கு வேற இடத்தில நித்திரை வராது கா. விழுந்தா விழட்டும்" என்கிறா. காரணம் கேட்டால் சொல்கிறா இல்லை.

இது கலியாணக் கடிதம் அல்ல. என்ன செய்ய வேண்டும்?

பீற்றிஸ்

*

மாங்கேணி
28.10.1937

பீற்றிஸ்,

சனிக்கிழமை வருகிறேன். மாப்பிள்ளையாக அல்ல. காத்தான்குடித் தச்சர் ஆதம்பாவா ஓடாவியாரும் மரங்களோடு தோணியில் வருவார். வெளியிலிருந்து சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். சாப்பாடு வேண்டாம். மாமா விரும்பினால் ஏசலாம். முட்டின் கீழே நின்று மட்டும் ஏச வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

சிறில்

*

மாங்கேணி
8.11.1937

பீற்றிஸ்,

முட்டுகள் இந்த மாரி முழுவதும் தாங்கும். மழை ஓய்ந்ததும், தை மாதக் கடைசியில், சுவரை இடித்துக் கட்ட வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. ஆதம்பாவா போகும்போது உங்கள் மாமாவிடம், "லூர்து, இது ஒனக்கு வாய்ச்ச மருமகனில்ல, வீட்டுக்கு வாய்ச்ச மருமகன்" என்றது உங்களுக்குக் கேட்டதோ தெரியாது. மாமா சிரித்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

அன்றைக்கு ஒரு விஷயம் கண்டேன். உங்களிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். ரயிலில் வரும்போது எழுதலாம் என்று நினைத்தேன். எழுதவில்லை. நேற்றும் எழுத உட்கார்ந்தேன். எனக்கு இப்படி வருவதில்லை. வேலைக்குத் தேவையான விஷயம், உங்கள் அம்மாவுக்கு நோகக்கூடியது. எழுதலாமா?

சிறில்

*

புளியந்தீவு
12.11.1937

சிறில்,

எழுதுங்கள். எழுதலாமா என்று நீங்கள் கேட்டதிலேயே எனக்குப் பாதிப் பயம் வந்துவிட்டது. மீதியையும் அனுப்பிவிடுங்கள்.

பீற்றிஸ்

*

மாங்கேணி
15.11.1937

பீற்றிஸ்,

நான் யன்னலைக் குற்றம் சொன்னேன். பிழை. முட்டுக் கொடுக்கச் சுவரின் அடியைத் தோண்டியபோதுதான் தெரிந்தது. பனம்பலகை இருந்தாலும் அந்த யன்னல் எண்பது வருஷம் தாங்கியிருக்கிறது, இன்னும் தாங்கியிருக்கும். வெடிப்பு யன்னல் மூலையில் தொடங்கியது அந்த இடம் பலவீனமாக இருந்ததால் மட்டுமே. சுவரைத் தள்ளுவது அடியில் நிற்கும் தண்ணீர்.

உங்கள் அப்பா கட்டிய குசினியின் கூரை மேற்குச் சுவரோடு முட்டி நிற்கிறது. கூரைத் தண்ணீர் முழுவதும் அந்த மூலையில் கொட்டுகிறது. போக வழியில்லை. அத்திவாரக் கல்லுக்கு இடையில் இருந்த சுண்ணாம்பு கரைந்து களியாகிவிட்டது. குசினிக் கூரையை ஒரு முழம் வெட்டி, தண்ணீர் வாவிப் பக்கம் ஓட வாய்க்கால் எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் சுவரை மட்டும் புதிதாகக் கட்டினால் அதுவும் போகும்.

அப்பா போய் எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது. குசினிச் சுவரில் அவர் தன் பெயரையும் வருஷத்தையும் சாந்தில் கீறியிருப்பதைப் பார்த்தேன். வீட்டில் வேறு எங்கேயும் யாருடைய பெயரும் இல்லை. அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

அம்மாவிடம் சொல்வதா, யன்னல்தான் காரணம் என்று விட்டுவிடுவதா என்பது உங்கள் முடிவு. நான் யாரிடமும் சொல்லவில்லை, நகலும் வைக்கவில்லை.

சிறில்

*

புளியந்தீவு
23.1.1938

சிறில்,

உங்கள் வாய்க்கால் கடிதத்தை இரண்டு மாதம் வைத்திருந்தேன். இடையில் நாம் எழுதிய நான்கைந்து கடிதங்களில் நீங்கள் அதைப் பற்றி ஒரு தரமும் கேட்கவில்லை. கவனித்தேன்.

நத்தார்ப் பண்டிகை கழிந்த பிறகு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுவா என்று நினைத்து முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா சிரித்தா! "நான் அப்பவே சொன்னனான் கா. தண்ணிக்கு வழி விடாம கட்டுறீங்க எண்டு. கேட்டாரா மனிசன்? 'நீ சோறாக்கு, நான் கட்டுறன்' எண்டார்." சிரித்து முடித்து என் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தா. பிறகு தானாகச் சொன்னா. அப்பா இறந்த வருஷத்து மாரியில் அந்தக் கட்டிலில் படுத்தபோது குசினிக் கூரைத் தண்ணீர் சுவருக்கு அப்பால் கொட்டும் சத்தம் கேட்டதாம். மனிசன் முற்றத்தில் நின்று கால் கழுவுகிற மாதிரி இருக்குமாம். அதற்காகத்தான் கட்டிலை விட்டு எழும்ப மாட்டேன் என்றது. பத்து வருஷம் அம்மா கேட்டுக்கொண்டு படுத்தது சுவர் கரையும் சத்தத்தை.

"அந்தப் பொடியனுக்கு எழுது. கூரைய வெட்டட்டும். ஆனா பேர் கீறின துண்டில கை வைக்கப்படாது" என்கிறா. அன்றிலிருந்து மண்டபத்தில்தான் படுக்கை. குறட்டை என் அறைக்குக் கேட்கிறது.

உங்கள் அப்பா தனியாக வந்துபோனதை நீங்கள் எழுதினீர்கள். அவர் சொன்னதை எழுதவில்லை, நான் எழுதுகிறேன். "வயல் வேணாம். பொடியன் வேற எந்த வீட்டுக்குள்ளயும் போகமாட்டனெண்டு நிக்கான். வீட்டுக்காகவா, புள்ளைக்காகவா எண்டு கேட்டன். 'ரெண்டும் ஒண்டுதான்' எண்டான்" என்றார். மாமா உள்ளே போய் எனக்குக் கேட்கும்படி பெரிதாக இருமினார்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். நீங்கள் முதலில் சுவர், பிறகு கலியாணம் என்கிறீர்கள். மாமா முதலில் கலியாணம், பிறகு சுவர் என்கிறார். "சுவரில்லாத வீட்டில எவன் பொண்ணக் குடுப்பான்? ஊர் சிரிக்கும்." தவக்காலம் தொடங்கிவிட்டால் பங்குச் சுவாமி கலியாணம் எழுத மாட்டார், உயிர்த்த ஞாயிறு வரை நிற்க வேண்டும். முட்டுகள் அதுவரை தாங்காது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டு பேரும் என்னைத் தூதுவிட்டுச் சண்டை பிடிக்கிறீர்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

புதன்கிழமை சீதன உறுதிப்பத்திரம் எழுதி முடிந்தது. வீடு இப்போது என்னுடையது. ஆகவே நானே சொல்கிறேன். பெப்ரவரி ஏழாம் திகதி திங்கட்கிழமை மேற்குச் சுவரை இடியுங்கள். அந்த வாரமே சனிக்கிழமை கோயிலில் தாலி. விருந்து இந்த வீட்டில்தான், சுவர் எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலையில். வருகிறவர்கள் மண்டபத்தில் இருந்து சாப்பிடும்போது வாவி முழுவதும் தெரியும். பூட்டிக்கு ஒரு யன்னல் அளவுதான் கிடைத்தது. ஊர் சிரித்தால் மாமாவுக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தப்போகிறேன்.

பிறகு கட்டும்போது யன்னல் அதே இடத்தில் வர வேண்டும். வளைவோடு.

பீற்றிஸ்

*

மாங்கேணி
27.1.1938

பீற்றிஸ்,

இது முறையான வேலைத்திட்டம் அல்ல. பாதிச் சுவரோடு பந்தி வைப்பதை எந்தப் புத்தகமும் ஒத்துக்கொள்ளாது. இரண்டு நாள் யோசித்தேன். செய்யலாம்.

மாமாவிடம் சொல்லுங்கள். கூரைக்கு உள்ளே முட்டுக் கொடுத்து நான் சரி என்று சொல்லும் வரை ஒரு கல்லையும் யாரும் தொடக்கூடாது, அவரும்தான். முட்டு மரங்களில் மாலை, தோரணம், விளக்கு ஒன்றும் கட்டக்கூடாது. பந்தியைக் கிழக்குப் பக்கமிருந்து போடுங்கள், மேற்கு விளிம்பில் ஒரு கயிறு கட்டுவேன், பிள்ளைகள் தாண்டக்கூடாது. அப்பா பெயர் உள்ள துண்டுக்கு ஒன்றும் வராது, வெட்டுக்கோட்டை அதிலிருந்து தள்ளித்தான் போட்டிருக்கிறேன். யன்னல் அதே இடத்தில் வரும். அரைவட்ட வளைவு. அளவு பெரிதாக வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள், பிறகு சொன்னால் கோபம் வரும்.

உங்கள் பூட்டியின் புருஷன் கேட்டதும் வெட்டினார் என்று எழுதினீர்கள். அந்த வரியைப் பல தரம் வாசித்தேன். எனக்கு அப்படிச் செய்ய வராது. கேட்டால் முதலில் ஏன் என்பேன், பிறகு அளப்பேன், பிறகு முடியாது என்பேன், அதற்குப் பிறகுதான் செய்வேன். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. இன்னும் பத்து நாள் இருக்கிறது.

மற்றப்படி சுவர் திங்கட்கிழமை போய்விடும், கூரை நிற்கும். அது உங்கள் வீடு. வாருங்கள் என்று உங்களைக் கூப்பிட என்னிடம் வீடில்லை. நான்தான் வர வேண்டும். ஞாயிறு பின்னேர ரயிலில் வருகிறேன்.

சிறில்